பத்துப் பெயர் சொல்லும் நேரம்

மேட்டூர் அணை கட்டி முடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் குடியிருந்தோம். எனக்கு வயது பத்து. ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு, மேலே படிக்க அனுப்புவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் கோடை விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்த வைகாசியில் ஒரு மத்தியானம், காவேரிப் பாலத்தின் நடுவில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என் பயத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். மற்ற குழந்தைகள் இருட்டுக்குப் பயப்படும், நாய்க்குப் பயப்படும். எனக்கு அந்த இரண்டும் ஒரு பொருட்டில்லை. என் பயமெல்லாம் இடி ஒன்றுதான். மேற்கே வானம் கறுத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

மின்னல் வெட்டினால் அர்ஜுனனுடைய பத்துப் பெயர்களையும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தெரு முழுவதும் அப்படித்தான். பெரிய மழை பிடித்துக்கொண்டால் எதிர் வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் அர்ஜுனனைக் கூப்பிடும் குரல்கள் கேட்கும். அதோடு கடப்பாரையை எடுத்து முற்றத்தில் போடுவார்கள். நிலைக்கண்ணாடியைத் துண்டால் மூடுவார்கள். எங்கள் வீட்டில் கடப்பாரை அம்மாவின் பொறுப்பு, கண்ணாடி என் பொறுப்பு.

பத்துப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தது அம்மா. அர்ஜுனன், பல்குணன், பார்த்தன், கிரீடி என்று ஆரம்பித்துத் தனஞ்ஜயனில் முடியும். மின்னலைக் கண்டதும் சொல் என்றாள், அவ்வளவுதான். ஆனால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் பத்தையும் சொல்லி முடித்துவிட வேண்டும், முடிக்காவிட்டால் இடி நம் வீட்டின் மேல் விழும் என்ற சட்டத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை நானே போட்டுக்கொண்டேன். குழந்தைகள் போட்டுக்கொள்ளும் சட்டங்களுக்கு வாய்தாவும் கிடையாது, அப்பீலும் கிடையாது.

முந்தின வருஷம் ஐப்பசியில் எங்கள் கொல்லைத் தென்னை மரத்தில் இடி விழுந்தது. நான் கொல்லைக் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். மின்னல் வெட்டியதும் ஆரம்பித்தேன். கிரீடி என்பதற்குள் நாக்கு குழறிவிட்டது. அதற்குள் இன்னொரு மின்னல் இறங்கி மரத்தின் தலை பற்றிக்கொண்டது. கொட்டுகிற மழையிலும் மட்டைகள் புகைந்தன. மறுநாள் பார்த்தால் மரம் மொட்டைக் கம்பமாகக் கறுத்து நின்றது. வீட்டில் எல்லோரும், நல்லவேளை மரத்தோடு போயிற்று என்று பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார்கள். நான் மட்டும் அந்த மரத்தின் பக்கமே போகவில்லை. மரம் போனது என் நாக்கு குழறியதால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அடுத்த தடவை குழறினால் மரத்தோடு நிற்காது. அம்மா, அப்பா, தூளியில் கிடந்த தம்பி எல்லோருடைய உயிரும் என் வாயில் இருந்தது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் மரம் போனதற்கு நான்தான் காரணம் என்று ஆகிவிடுமே.

ஆகவே பழகினேன். குளிக்கும்போது, கோலம் போடும்போது, தம்பியைத் தூளியில் ஆட்டும்போது, எப்போதும் வாய்க்குள் அர்ஜுனன்தான். எவ்வளவு வேகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் இதற்கு மேல் நாக்கு சுழலாது என்கிற ஓர் எல்லை வந்தது. அதன் பிறகு எத்தனை தடவை சொன்னாலும் அதே வேகம், அதே மூச்சு. அது பின்னால் எதற்கு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மழை வந்தால்தான் பெரிய சங்கடம். வீட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வீட்டில் இருந்து சொல்ல வேண்டாமா? அதனால் முதல் மின்னலைக் கண்டதும் பலகையைப் போட்டுவிட்டு ஓட்டம் எடுப்பேன். மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு, வாயில் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டு, வீதியில் ஓடும் என்னைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். டீச்சர் கண்டித்தார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இடிக்குப் பயந்துகொண்டு அம்மா மடியைத் தேடி ஓடிவருகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் வேலைக்கு ஓடுகிறேன் என்பது யாருக்கும் தெரியவில்லை.

எனக்குக் கணக்கு நன்றாக வரும். மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை நிறைய இருந்தது. ஆனால் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் தினமும் பாலம் தாண்டித் திருச்சிக்குப் போக வேண்டும். அப்பா ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. படிப்புக்கு விரோதி இல்லை. ஆனால் அவர் அம்மாவை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இடி இடிச்சா அம்மாவைத் தேடி ஓடி வர பொண்ணு, காவேரிக்கு அந்தண்டை போய் என்ன பண்ணுவா? பாலத்து மேல ஓடி வருவாளா?”

அம்மா விடவில்லை. “போய்ப் பரீட்சை எழுதிட்டுத்தான் வரட்டுமே. அவா எடுத்துண்டாத்தானே மத்த பேச்சு” என்றாள்.

அப்படித்தான் அந்த வைகாசி நாளில் அப்பாவோடு போனேன். கணக்குப் போடச் சொன்னார்கள், போட்டேன். தமிழ் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். தலைமை ஆசிரியை அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் பலகையைப் பார்த்தார். பள்ளி திறக்கும் அன்றைக்கு அழைத்துவரச் சொன்னார். அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். தெப்பக்குளம் பக்கம் ஒரு குதிரை வண்டியைப் பிடித்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அவா சேர்த்துக்கறேன்னா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல்லே.”

காற்றே இல்லாத புழுக்கம். வண்டிக்காரர் சாயபு வானத்தை ஒரு தடவை பார்த்தார். தாடியில் பாதி வெளுத்தவர், வாய் ஓயாதவர். “முன்னால தள்ளி உக்காருங்க சாமி, பாப்பாவும் தள்ளி வரட்டும். மழை வரதுக்குள்ள அக்கரைக்குப் போயிடலாம்” என்று குதிரையைத் தட்டினார்.

போக முடியவில்லை. பாலத்தில் பாதி தூரம் போனபோது காற்று பிடித்தது. காவேரியில் தண்ணீர் இல்லாத மாதம். அகலம் முழுவதும் மணல்தான். அந்த மணல் அப்படியே கிளம்பிப் பாலத்தின் மேல் வந்து அடித்தது. திரும்பிப் பார்த்தேன், மலைக்கோட்டையைக் காணவில்லை. எங்களுக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிப்போன ஒரு மாட்டு வண்டி நின்றுவிட்டது. மாடுகள் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டோம் என்று தலையைத் திருப்பிக்கொண்டன. பின்னாலும் வண்டிகள் வந்து நின்றன. எங்கள் குதிரை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு காலை உதைத்தது. சாயபு கீழே குதித்து, ஒரு கோணிச் சாக்கைக் குதிரையின் கண்ணை மூடிப் போட்டு, அதன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

முதல் மின்னல் வெட்டியது.

நான் ஆரம்பித்தேன். ஏழாவது பெயரில் இருக்கும்போது இடி இடித்தது. முடிக்கவில்லை. வீட்டில் தூளி ஆடிக்கொண்டிருக்கும், அம்மா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்திருப்பாள். நான் என்னடாவென்றால் ஆற்றின் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை, ஒரு காலை வண்டிக்கு வெளியே போட்டேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“இறங்கினே, அவ்வளவுதான். அப்புறம் படிப்புங்கற பேச்சே கிடையாது.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முடிந்துபோன ஒரு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது. இறங்கி ஓடினால் பள்ளிக்கூடம் போய்விடும். ஓடாவிட்டால் வீடு போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வயசா அது? வெளியே போட்ட காலை உள்ளே இழுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மின்னலுக்கும் பெயர்களை ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என்னைப் பிடித்திருந்த அப்பாவின் கை ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, ரங்கா, ரங்கா என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடிக்குப் பயந்தவள் என்று என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அதே அப்பா! அவருக்கும் பயமா? அந்தப் பக்கம் பார்த்தால் சாயபு குதிரையின் காதோரம் வாயை வைத்துக்கொண்டு அவர்கள் வழக்கப்படி எதையோ ஓதிக்கொண்டிருந்தார். அது நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் ஐந்தாவது பெயரில் இருந்தேன். இடி இடித்தது.

அப்பா சொன்னது மூன்றே எழுத்துப் பெயர், அதை எத்தனையோ தடவை சொல்லி முடித்திருந்தார். நான் பாதியில் இருந்தேன். சாயபு ஆரம்பத்திலேயே இருந்தார் என்று தோன்றியது. மூன்று பேருக்கும் இடி என்னவோ ஒரே நேரத்தில்தான் வந்தது. யாருக்காகவும் அது காத்திருக்கவில்லை. இந்த எண்ணம் அப்போது இவ்வளவு ஒழுங்காக வரவில்லை. பயத்துக்கு நடுவில் மணல் துகள் மாதிரி கண்ணில் வந்து உறுத்தியது, அவ்வளவுதான்.

அதன் பிறகு மழை இறங்கியது. வண்டிக் கூண்டின் மேல் கல்லைக் கொட்டியது போன்ற சத்தம். அடுத்த மின்னலுக்கு மூன்று பெயர் சொன்னேன். அதற்கடுத்து ஒன்று. அப்புறம் ஒரு மின்னல், அர்ஜுனனின் ‘அ’ கூட வாயில் வரவில்லை, வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. கண்ணுக்குள் எல்லாம் வெள்ளை. என் காது அடைத்துப்போயிற்று. ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா இருந்தார். சாயபு இருந்தார். வாழைத்தார் வண்டி இருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் மழை தெறித்துக்கொண்டிருந்தது. என் கால் அப்படியே வெளியே தொங்கி நனைந்துகொண்டிருந்தது. அதை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில் சாயபுவைக் கேட்டேன். “நீங்க சொன்னது முடிஞ்சுதா?”

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “எங்க பாப்பா முடியுது? ஒவ்வொரு தடவையும் பாதியிலயே இடிச்சிருது.”

“அப்போ ஒண்ணும் ஆகலையா?”

“நல்லாத்தானே நிக்கிறேன். இந்தா, இது ஒண்ணுமே ஓதல. இதுவும் நல்லாத்தான் நிக்குது” என்று குதிரையின் கழுத்தைத் தட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்பது போல அப்பா என்னைப் பார்த்தார். சாயபு எனக்குப் புத்தி சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. அவர் கவலையெல்லாம் குதிரை மிரண்டு வண்டியைக் கவிழ்த்துவிடக் கூடாதே என்பதுதான். அந்தக் கண்ணை மூடின குதிரை என் சட்டத்தை உடைத்துப் போட்டுவிட்டது.

பழக்கம் மட்டும் விடவில்லை. அடுத்த மின்னலுக்கும் சொன்னேன். இரண்டு பெயர் வந்தது. அதற்கடுத்து நான்கு. அப்புறம் ஆறு. வேகம் கூடவில்லை, அதே பழைய வேகம்தான். அப்படியானால் பெயர்கள் ஏன் கூடுகின்றன? வரும்போது ஏழு, ஐந்து, மூன்று என்று குறைந்துகொண்டே வந்ததே? முன்னால் நின்ற மாடுகள் நகர ஆரம்பித்த நேரம் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. மழை எங்கள் பக்கம் வந்தபோது பெயர்கள் குறைந்தன. இப்போது அது எங்களைத் தாண்டிக் கிழக்கே போகிறது, அதனால் கூடுகின்றன. நான் பெயர் சொல்லி அதை விரட்டவில்லை. அது இருக்கும் தூரத்துக்குத் தக்கபடி என்னால் சொல்ல முடிகிறது. கணக்கு சரியாக வந்துவிட்டால் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி உண்டாகுமே, அது உண்டாயிற்று.

மாம்பழச்சாலை தாண்டும்போது மின்னல் ஒன்று வெட்டியது. ஒன்பது பெயர் சொன்ன பிறகு இடி வந்தது.

“அப்பா, மழை போயிடுத்து. அடுத்த தடவை பத்தும் சொல்லிடுவேன் பாரு.”

“என்னடி உளறறே?”

நான் விளக்கினேன். எப்படி விளக்கினேன் என்று ஞாபகமில்லை, திக்கித் திணறித்தான் சொல்லியிருப்பேன். அப்பா நம்பவும் இல்லை, அதட்டவும் இல்லை. கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி மின்னலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மின்னலை எதிர்பார்த்து அவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். வெட்டியது. நான் வாய்விட்டுச் சொன்னேன். தனஞ்ஜயன் என்று முடித்து, ஒரு மூச்சும் விட்டேன். அதன் பிறகுதான் தூரத்தில் உருட்டியது. அப்பா தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, வேஷ்டி நுனியைப் பிழிந்துகொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் முதலில் கூரையைப் பார்த்தேன். ஓர் ஓடுகூட நகரவில்லை. உள்ளே தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். கடப்பாரை முற்றத்தில் நனைந்து கிடந்தது. நிலைக்கண்ணாடியின் மேல் துண்டு கிடந்தது, அம்மாவே போட்டிருக்கிறாள். நான் இல்லாமலே எல்லாம் நடந்திருக்கிறது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயந்துவிட்டாள் பாவம் என்று அம்மா அணைத்துக்கொண்டாள். அது பயமில்லை, நிம்மதி. அதோடு, நான் இல்லாவிட்டாலும் வீடு நிற்கும் என்பதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அம்மாவிடம், “பள்ளிக்கூடம் திறக்கற அன்னிக்கு நானே கொண்டு விட்டுட்டு வரேன்” என்றார்.

ஆனி மாதம் போய்ச் சேர்ந்தேன். அந்த ஐப்பசியும் கார்த்திகையும் பாலத்தைத் தாண்டித்தான் கழிந்தன. இடி இடித்தால் பயம் வரத்தான் செய்யும், ஆனால் கால் நகராது. வாய் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் அவரவர் வீட்டு வழக்கப்படி அவரவர் பெயர்களை எண்ணினார்கள். பின்னால் பெரிய வகுப்பில், வெளிச்சம் முந்தும், சத்தம் பிந்தும் என்று டீச்சர் பாடம் நடத்தியபோது, இதைத்தானே பாலத்தில் பார்த்தோம் என்று உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. மழை நாளில் அப்பா உள்ளே எங்காவது இருந்துகொண்டு, “எது வரைக்கும்?” என்று குரல் கொடுப்பார். நான் “விஜயன்” என்றோ “கிரீடி” என்றோ பதில் சொல்லுவேன். அவர் “ஹூம்” என்பார். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்டதில்லை. பாலத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ரங்கா என்றதை நான் பார்த்தேன் என்பதையும் அவரிடம் சொன்னதில்லை.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு கார்த்திகையில், அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். எனக்குக் கல்யாணமாகி வெளியூர் போயிருந்தேன், அவரைப் பார்க்க வந்திருந்தேன். மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் அவர் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் மின்னல் வெட்டியது. இரண்டு பெயர் சொல்வதற்குள் இடி வீட்டையே ஆட்டியது. அப்பா கண்ணைத் திறக்காமல், “எது வரைக்கும்?” என்றார். குரல் மிகவும் மெலிந்து இருந்தது.

“பத்தும் ஆச்சுப்பா. தூரப் போயிடுத்து” என்றேன்.

அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. “பொய் சொல்றே. பல்குணன்தான். நானும் அன்னிலேர்ந்து எண்ணிண்டுதான் இருக்கேன்.”

என் கையை அவர் கைமேல் வைத்தேன். பாலத்தில் இருந்தது போலவே ஜில்லென்று இருந்தது. அடுத்த மின்னலுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே எண்ணினோம்.

இன்றைக்கும் மின்னலைக் கண்டால் என் வாய் தானாக ஆரம்பித்துவிடுகிறது. பயம் விட்டுப் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை, ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதை எண்ணுகிறவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதும் தெரியும்.